ஆறு கிலோ இலக்கு

அத்திப்பட்டில் பரந்தாமனின் சமையற்கூடத்தில் சாம்பார் தாளிக்கும் நேரத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி மிஷின்கள் தாமாகவே நின்றுவிடும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. கால்வாசி மிஷின்கள்தான் நிற்கும். மிச்சம் முக்கால்வாசி, ரசம் தாளிக்கும்போது நிற்கும்.

பரந்தாமன் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அதே அத்திப்பட்டில் நெல் விளைவித்தது. இப்போது சோறு வடிக்கிறது. இடையில் அறுவடை, அரைவை என்ற தொல்லைகளெல்லாம் கழன்றுபோனதால் இதுதான் முன்னேற்றம் என்பது அவருடைய கட்சி. அவர் சோறு அனுப்புவது மூன்று கம்பெனிகளுக்கு: போல்ட் கம்பெனி, டப்பா கம்பெனி, கியர் கம்பெனி. மூன்றுக்கும் நீளநீளமான சொந்தப் பெயர்கள் உண்டு. சமையற்கூடத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லி யாரும் சோறு அனுப்பியது கிடையாது. மூன்றிலுமாக அறுநூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு.

அறுநூற்றிருபது என்பது காகிதத்தில் இருக்கிற எண். சம்பளம் வந்த மறுநாள் பாதிப் பேர் பிரியாணிக் கடைக்குப் போய்விடுவார்கள். ஓவர்டைம் பார்த்த மறுநாள் ஒரே ஆள் மூன்று ஆள் சோறு தின்பான். தவக்காலத்தில் ஒரு கூட்டம் பாதிச் சாப்பாடு, மாலை போட்டால் இன்னொரு கூட்டம் தனிச் சாப்பாடு, அமாவாசைக்கு ஒரு கணக்கு, கிருத்திகைக்கு ஒரு கணக்கு. இது போதாதென்று கியர் கம்பெனி கேன்டீன் கமிட்டியின் செயலாளர் எட்மண்ட் வாரத்துக்கு நாலு தடவை போன் செய்து, ஒரு சின்ன மாற்றம் என்று ஆரம்பிப்பார். எட்மண்டின் சின்ன மாற்றம் என்றால், செம்பரம்பாக்கம் ஏரியைத் தூக்கி இரண்டு தெரு தள்ளி வையுங்கள் என்கிற அளவில் இருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மோகனப்பிரியா வந்தாள். வயது நாற்பத்திரண்டு. படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினீயரிங். கொதிகலனும் உலையும் குழாயும் சொன்ன பேச்சு கேட்கும்படி செய்கிற படிப்பு. படித்து முடித்ததும் ஊரோடு ஒத்துப்போய் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, பத்தொன்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, போன வருஷம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். காட்டுப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்து, கூடவே வேலை பார்த்த ரெனிஷையும் கிளப்பிக்கொண்டு வந்து, கேன்டீன்களுக்கு மென்பொருள் எழுதித் தருவது என்று தொடங்கினாள். முதல் வாடிக்கையாளர் பரந்தாமன். அதுவரைக்கும் கடைசி வாடிக்கையாளரும் அவர்தான். இது நடக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே மேனேஜர் அவள் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை விசாரித்து மெசேஜ் வேறு அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதலில் எழுதியது ரெனிஷ். ஆவடிக்காரன், நல்ல உழைப்பாளி. அவனுக்கு உலகத்தில் எல்லாமே ‘என்றால்’தான். வெள்ளி என்றால் இவ்வளவு அரிசி. வெள்ளியும் அமாவாசையும் என்றால் இவ்வளவு. அமாவாசையன்று சம்பளம் என்றால், சம்பளத்தன்று மழை என்றால், மழையில் ஓவர்டைம் என்றால். எட்மண்ட் போனை வைப்பதற்குள் ரெனிஷ் ஒரு ‘என்றால்’ எழுதிவிடுவான். பங்குனி முடிவதற்குள் இருநூற்றுப் பதினேழு ‘என்றால்’கள் சேர்ந்துவிட்டன. அதை அச்சடித்து விரித்தால் ஆவடி ஸ்டேஷனிலிருந்து திருநின்றவூர் வரை தண்டவாளத்துக்குப் பாய் போடலாம். அத்தனையும் இருந்தும் பங்குனி உத்திரமும் புனித வெள்ளிக்கு முந்தின நாளும் கிட்டத்தில் வந்தபோது, அந்த மென்பொருள் நாலு கிலோ அரிசி போதும் என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தது.

அன்றைக்கு மோகனப்பிரியா, எல்லாவற்றையும் அழி என்று சொன்னாள். ரெனிஷுக்கு, பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்ன மாதிரி இருந்தது. அவள் விடவில்லை. தேவை மாறும்போதெல்லாம் நாம் உட்கார்ந்து மென்பொருளை மாற்றினால் எட்மண்ட்தான் ஜெயிப்பார். மாறத் தெரிந்த மென்பொருளை ஒரே தடவை எழுதிவிட வேண்டும் என்றாள். காலேஜில் கட்டுப்பாட்டியல் என்று ஒரு பாடம். இருபது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பினாள்.

பரந்தாமனுக்கு அதை மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை வைத்து விளக்கினாள். தொட்டிக்குள் மிதவை இருக்கிறது. வீட்டில் யார் குளிக்கிறார்கள், எத்தனை விருந்தாளி, இன்று அமாவாசையா என்றெல்லாம் மிதவை கேட்பதில்லை. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், இப்போது எங்கே நிற்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மட்டும் அதற்குத் தெரியும். குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும். நம்முடைய மென்பொருளும் அவ்வளவுதான். பிற்பகல் இரண்டரைக்குச் சோறு எவ்வளவு மீந்தது என்று ஒரு தராசு சொல்லும். மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. மீந்தால் நாளைக்கு அரிசியைக் கொஞ்சம் குறைக்கும். பற்றாமல் போனால் கூட்டும். பழைய மீதிகளையும் மறக்காது, மாமியார் மனக்குறை மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்கும் சேர்த்துத் திருத்தும்.

“மாமியார வெச்சி சோறாக்குறன்னு சொல்லு,” என்றார் பரந்தாமன். “ஆக்கிப் பாரு.”

வைகாசி முதல் தேதியிலிருந்து புது மென்பொருள் ஓடியது. கடலைப் பொட்டலம் மடிக்கிற காகிதத்தில் எழுதிவிடலாம், அவ்வளவு சின்னது. தினம் காலை சமையற்கூடத்தில் ஒரு குட்டி மிஷின் சீட்டுத் துப்பும்: இன்றைக்கு அரிசி இத்தனை கிலோ. தலைமைச் சமையல்காரி வேம்புலியம்மாள் வழக்கமாகப் போட்டது தொண்ணூற்று நாலு கிலோ என்பதால் சீட்டும் அங்கேதான் தொடங்கியது. பிறகு தினம் அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று இறங்கியது. தொண்ணூறு. எண்பது. எழுபது. ஒருநாள் கூட யாருக்கும் சோறு பற்றாமல் போகவில்லை. எட்மண்ட் சின்ன மாற்றங்களைச் சொல்லச் சொல்ல, மென்பொருள் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சமாளித்தது. ஆடி பிறந்தபோது சீட்டில் அறுபதுக்குக் கீழே வந்துவிட்டது. அறுநூற்றிருபது பேர் அதே வயிறு நிறைய.

மோகனப்பிரியாவுக்குக் கால் தரையில் படவில்லை. அந்த இறங்குகோட்டை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மருந்துக்கடை மாடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இன்னும் ஆறு மாதம் போனால் அரிசியே போடாமல் ஊரைச் சாப்பிட வைத்துவிடும் போலிருக்கிறதே என்று ரெனிஷ் சொன்னான். அது கேலியா கவலையா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

பரந்தாமனுக்கு வேறு கவலை. சீட்டைப் பார்த்தால் அறுபது கிலோ. மூட்டையைப் பார்த்தால் தொண்ணூற்று நாலு கிலோ கணக்கில் காலியாகிறது. நடுவில் முப்பத்து நாலு கிலோ எங்கே போகிறது? எலி என்று தீர்மானித்தார். ஆறு எலிப்பொறி வாங்கி வைத்தார். மாட்டவில்லை. ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். தினம் முப்பத்து நாலு கிலோ தின்கிற எலி எருமை மாட்டின் அளவாவது இருக்கும். அதைப் பிடிக்கப் பூனை போதாது, ஆவடியிலிருந்து டாங்கிதான் வரவழைக்க வேண்டும். பூனை மோர்ச்சட்டியோரம் படுத்து ஒரு சுற்றுப் பெருத்தது.

ஆடி மூன்றாவது வாரம், திருநின்றவூரில் தன் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக வேம்புலியம்மாள் இரண்டு நாள் லீவு போட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் போட்ட லீவை ஒரு கை விரலில் எண்ணிவிட்டு அதே கையால் சுண்டலும் சாப்பிடலாம். அவளுக்குப் பதிலாகக் கோபி நின்றான். கோபி நல்ல சமையல்காரன், சொன்ன சொல் தட்டாதவன். சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ என்றிருந்தது. ஒரு மணி கூடக் குறையாமல் ஐம்பத்தெட்டு கிலோவை நிறுத்து, ஒரே உலையில் வடித்து இறக்கினான்.

போல்ட் கம்பெனி சாப்பிட்டது. டப்பா கம்பெனி சாப்பிட்டது. கியர் கம்பெனிக்குப் போன வண்டியில் சாம்பார் இருந்தது, கூட்டு இருந்தது, அப்பளம் மலையாக இருந்தது. சோறு நாலு வரிசைக்குக்கூடக் காணவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் தட்டோடு நின்றார்கள். பரந்தாமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த நாற்பது நிமிஷத்தில் அத்திப்பட்டிலிருந்து பாடி வரை எந்தக் கடையிலும் ஒரு பரோட்டா, ஒரு பன், ஒரு வாழைப்பழம் மிஞ்சவில்லை. அன்று சாயங்காலம் அம்பத்தூரில் டீக்கு பிஸ்கட் கேட்டவர்கள்கூட வெறும் டீயோடு போனார்கள்.

எட்மண்ட் நேரில் வந்தார். கோபமாக இருக்கும்போது அவர் சத்தம் போடமாட்டார், அதுதான் பயம். தட்டில் அப்பளத்தை மட்டும் வைத்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். இன்னொரு நாள் இப்படி நடந்தால் கமிட்டி வேறு ஆளைப் பார்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி வழியில் திரும்பி வந்து அப்பளத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

பரந்தாமன் மோகனப்பிரியாவைப் பார்த்தார். திட்டவில்லை.

“வர வியாழக்கெயம அம்மனுக்கு மறுபூஜையாம். வேம்புலிக்கா திரும்பவும் லீவு,” என்றார். “அன்னிக்கும் கோபிதான் ஆக்குவான், உன் சீட்டப் பாத்துதான் ஆக்குவான். சோறு பத்துச்சின்னா உன் மிஷினு இங்கியே இர்க்கட்டும். பத்தலியா, நீயே கயட்டிக்கினு போயிடு தாயி. நான் கரும்பலகைல எழுதிக்கிறேன்.”

மறுநாள் சீட்டை நிறுத்திவிட்டுத் தொண்ணூற்று நாலு என்று அவளே கையால் எழுதிக் கொடுத்தாள். பிறகு காட்டுப்பாக்கம் போய் ரெனிஷும் அவளும் மென்பொருளை வரி வரியாகப் பார்த்தார்கள். ஒரு தப்பும் இல்லை. தராசைக் கழற்றிச் சோதித்தார்கள். தங்கம் நிறுக்கலாம் போலச் சுத்தமாக நின்றது. ரெனிஷ் மெதுவாக, கோபி சமைத்தால் என்று ஒரு ‘என்றால்’ சேர்த்துவிடலாமா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் கணினித் திரை ஒரு தரம் மினுக்கியது.

வண்டி ஓட்டத் தெரிந்தவளுக்கு வண்டி எங்கேயோ இழுக்கிறது என்பது கைப்பிடியிலேயே தெரியும். சட்டம் போட்ட படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கோடு இறங்கிக்கொண்டே போகிறது, எங்கேயும் நிற்கவில்லை. மீதி ஒழிந்தால் கோடு நிற்க வேண்டும். அப்படியானால் தினமும் ஏதோ மீந்துகொண்டே இருக்கிறது. பழைய பதிவுகளை எடுத்தாள். ஆறு கிலோ இருநூறு. ஆறு கிலோ நூறு. ஐந்து தொள்ளாயிரம். எழுபத்தைந்து நாளாக, அரிசி தொண்ணூறானாலும் அறுபதானாலும், மீதி மட்டும் ஆறு கிலோ. உலகத்தில் அரிசியைக் குறைத்தால் குறையாத சோறு ஒன்று இருக்கிறதா? எலிகளுக்கு அவள் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை வேம்புலியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். விடிந்ததும் மோகனப்பிரியா சமையற்கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சீட்டு மிஷின் சீட்டுத் துப்பியது. வேம்புலியம்மாள் அதைக் கிழித்தாள், சுவரில் தொங்கிய கம்பியில் குத்தினாள், திரும்பிப் போய் அரிசி அளக்க ஆரம்பித்தாள். கம்பியில் எழுபத்தைந்து நாள் சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தன.

“அதுல என்ன போட்டிருக்குன்னு பாக்கலியாக்கா?”

“அத்த வேற பாக்கணுமா?” வேம்புலியம்மாள் கையை நிறுத்தவில்லை. “நீ அனுப்புற, நான் குத்தி வெக்கிறேன். ஒருநாளாவது குத்தாம உட்டுகீறேனா, சொல்லு.”

மோகனப்பிரியா ஸ்டூலை விட்டு விழாமல் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையை, சம்பள நாளை, ஓவர்டைமை, எட்மண்டின் அத்தனை சின்ன மாற்றங்களையும் எழுபத்தைந்து நாளாகச் சமாளித்தது இந்தக் கை. மென்பொருள் பாட்டுக்குச் சீட்டு அனுப்பிவிட்டு, எல்லாம் தன் திறமை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. கூடவே அதை எழுதியவளும்.

அவமானம் ஒரு நிமிஷம் இருந்தது. அடுத்த நிமிஷமே அவளுக்கு ஆசை வந்துவிட்டது. இந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வேம்புலியம்மாள் எல்லா அரிசியையும் ஒரே உலையில் போடவில்லை, மூன்றாகப் பிரித்தாள். முதல் உலை வடித்து, முதல் பந்திக்கு அனுப்பி, குட்டியானை வண்டியில் அண்டாக்கள் திரும்பி வந்ததும் மூடியைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை. அந்தப் பார்வையில் இரண்டாம் உலைக்கு ஒரு படி கூடும், அல்லது குறையும். பிறகு மூன்றாவதுக்கும் அப்படியே. மென்பொருள் ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்துத் திருத்துவதை இவள் மூன்று தடவை பார்த்துத் திருத்துகிறாள். எந்தக் காலேஜுக்கு இவளை அனுப்பியிருந்தாலும் தங்கப் பதக்கத்தோடு பேராசிரியரின் நாற்காலியையும் சேர்த்து வாங்கி வந்திருப்பாள்.

முதல் உலை வடிந்த உடனேயே இன்னொன்றும் நடந்தது. வேம்புலியம்மாள் ஒரு அன்னக்கூடை நிறையச் சோற்றை எடுத்து, துணி போட்டு மூடி, ஓரமாக வைத்தாள். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. இரண்டரைக்கு அதைத் தூக்கி வந்து தராசில் வைத்தாள். ஆறு கிலோ நூறு.

“இது ஏன்க்கா தினமும் மீந்துபோகுது?”

“மீந்துபோவுதா?” வேம்புலியம்மாளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. “அது மீந்தது இல்ல கண்ணு. வெச்சது. சோத்தப் போட்டு முடிச்சி பானைய வழிச்சி கவுத்துனா அது சோறாக்குற எடமா? வர்றவன் வந்துகினுதான் இருப்பான். மூணு மணிக்கி லோடு ஏத்துற லாரிக்காரன் வருவான். பந்தி நடுவுல கொறைஞ்சா அதுலேருந்துதான் எடுத்து ஊத்தணும். தெனமும் எட போட்டு வையின்னு சொன்னாங்க, போட்டு வெச்சேன். அத்த நீ மீந்துபோச்சின்னா எய்திக்கினு கீற?”

சொன்னபடியே மூன்று மணிக்கு நாலு லாரிக்காரர்கள் வந்து கைகழுவினார்கள். அவர்கள் சாப்பிடுவதை மோகனப்பிரியா வாயைப் பிளந்து பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. மீதி பூஜ்யம் என்று அவள் இலக்கு வைத்தாள். மீதி பூஜ்யமாகவே கூடாது என்பது இந்த இடத்தின் இலக்கு. யாரும் எழுதிக் கொடுக்காத தேவை. எட்மண்ட் போனில் சொல்லாத ஒரே தேவை. தினமும் ஆறு கிலோ அதிகம் என்று மென்பொருள் மாமியார் மாதிரி மனக்குறையைச் சேர்த்துச் சேர்த்து, சீட்டைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறது. கேட்பாரில்லாத இடத்தில் மாமியார் கத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது: குரல் மட்டும் ஏறியிருக்கிறது. கேட்கிற ஒரு கோபி வந்ததும் வீடு பற்றிக்கொண்டது.

அன்றே மூன்று காரியம் செய்தாள். இலக்கைப் பூஜ்யத்திலிருந்து ஆறு கிலோவாக்கினாள். அரிசி டிரம்முக்கு அடியில் இன்னொரு தராசு வைத்தாள். சீட்டு என்ன சொன்னது என்பதை விட்டுவிட்டு, உலையில் உண்மையில் எவ்வளவு விழுந்தது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு என்பதை மூன்று சீட்டாக்கினாள், உலைக்கு ஒன்று. டிரம்முக்கு அடியில் தராசைப் பார்த்ததும் வேம்புலியம்மாள் முகம் கறுத்தது. என் கையை வேவு பார்க்கவா என்று கேட்டாள். வேவு இல்லை அக்கா, படிப்பு, அது உங்களிடம் நாலு நாள் பாடம் படிக்கப்போகிறது என்று மோகனப்பிரியா சொன்னாள். நாலே நாளா என்று அலட்சியமாகக் கேட்டாலும், அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு படியையும் தராசுக்குத் தெரிகிற மாதிரி நிதானமாகப் போட்டாள். போடும்போது, பாத்துக்கோ என்று டிரம்மிடம் சொல்வதும் கேட்டது.

வியாழக்கிழமை வந்தது. கோபி அடுப்பங்கரையில் நின்றான், முதல் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. பரந்தாமன் கரும்பலகை வாங்கி வந்து, சுவரில் ஆணி கூட அடித்துவிட்டார். ரெனிஷ் ஒரு மூலையில் மடிக்கணினியோடு. பத்து மணிக்கு எட்மண்ட் போன் செய்தார்.

ஒரு சின்ன மாற்றம். கியர் கம்பெனியில் இன்று எழுபது அப்ரென்டிஸ்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். இன்னொரு சின்ன மாற்றம், இன்றிலிருந்து கியர் கம்பெனிக்குத்தான் முதல் பந்தி.

ரெனிஷின் விரல்கள் விசைப்பலகைக்குப் பறந்தன. பழக்கம். மோகனப்பிரியா எழுபது என்ற எண்ணை மட்டும் ஒரு கட்டத்தில் போட்டாள். மற்றபடி எதையும் தொட வேண்டாம் என்றாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது தான் எழுதியதை இப்படி நம்பியிருக்கிறோமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

முதல் உலை இறங்கியது. கோபி, வேம்புலியம்மாள் போனில் சொல்லியிருந்தபடி, முதல் வேலையாக அன்னக்கூடையை நிரப்பி மூடி ஓரமாக வைத்தான். வண்டி போனது. பதினொன்று ஐம்பதுக்கு அங்கிருந்து வண்டிக்காரன் கூப்பிட்டான். எழுபது பேர் என்றார்கள், ஆனால் எழுபது பேருக்கும் தலைக்கு இரண்டு வயிறு. சாப்பிடவில்லை, சூறையாடுகிறார்கள். நாலாவது அண்டாவின் அடி தெரிகிறது, இன்னும் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

சமையற்கூடத்தில் பூனைகூட எழுந்து உட்கார்ந்தது. பரந்தாமனின் கண் கரும்பலகைக்குப் போயிற்று.

மோகனப்பிரியா அன்னக்கூடையைத் தூக்கினாள். “கோபி, இத வண்டில ஏத்து.”

“அக்கா தொடக்கூடாதுன்னு சொல்லிகீது மேடம்.”

“கொறைஞ்சா எடுக்கத்தான் வெச்சிருக்குன்னும் சொல்லிருக்காங்க. ஏத்து.”

ஐந்து நிமிஷத்தில் கூடை கியர் கம்பெனியில் இருந்தது. பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், எழுந்தார்கள். அப்பளத்தை மட்டும் பார்க்கிற தலைவிதி யாருக்கும் வரவில்லை. ஆனால் கூடை காலி. இலக்கு ஆறு கிலோ, இருப்பு ஒன்றுமில்லை. திரும்பி வந்த அண்டாக்களைக் கோபி தராசில் வைத்தான். கழுவி வைத்த மாதிரி இருந்தன. மென்பொருள் ஒரு விநாடி யோசித்தது. அந்த ஒரு விநாடியில் பரந்தாமனுக்கு ஒரு வயது கூடியது. இரண்டாவது சீட்டு வெளியே வந்தது. நினைத்ததைவிட நாலு கிலோ கூடுதல்.

“ஜாஸ்தியா கீதே,” என்றார் பரந்தாமன்.

“இருக்கட்டும்ணே. கூடைய ரொப்பணும்னு அதுக்குத் தெரியும்.”

டப்பா கம்பெனி சாப்பிட்டது. அண்டாக்கள் திரும்பி வந்தன, இந்தத் தடவை அடியில் கொஞ்சம் சோறு இருந்தது. மூன்றாவது சீட்டு ஒன்றரைக் கிலோ இறங்கியது. கோபி சீட்டைப் படித்தான், நிறுத்தான், வடித்தான். அவனுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் உலை புரிந்துகொண்டது. போல்ட் கம்பெனியும் சாப்பிட்டு முடித்தது. இரண்டு மணி இருபத்தைந்துக்கு எல்லா அண்டாவிலும் இருந்ததை வழித்து, கோபி அன்னக்கூடையில் தட்டினான். தராசில் வைத்தான்.

ஆறு கிலோ இருநூறு.

யாரும் கை தட்டவில்லை. பரந்தாமன் ஆணியைப் பிடுங்கச் சுத்தியலைத் தேடினார். அதற்குள் மோகனப்பிரியாவின் போன் அடித்தது. பின்னால் பம்பைச் சத்தம். அந்தப் பம்பை திருநின்றவூரில் அடித்தாலும் போன் இல்லாமலே அத்திப்பட்டு வரை கேட்டிருக்கும். வேம்புலியம்மாள் சோறு பற்றியதா என்று கேட்கவில்லை, எட்மண்ட் வந்தாரா என்று கேட்கவில்லை.

“கூடைய வெச்சாச்சா?”

“வெச்சாச்சுக்கா. ஆறு எரநூறு.”

“எரநூறு கூடத்தான் போச்சி,” என்றாள் வேம்புலியம்மாள். “பரவால்ல. பொறந்து நாலு நாளுதான ஆவுது அதுக்கு.” வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு லாரிக்காரர்களோடு எட்மண்டும் வந்தார். கணக்குப் பார்க்க வந்தேன் என்றார். ஆனால் கையில் தட்டு இருந்தது. எழுபது அப்ரென்டிஸ்களும் உட்கார்ந்து எழுந்த வரைக்கும் நின்று பார்த்தவர் இன்னும் சாப்பிடவில்லை. கூடையிலிருந்து முதல் கரண்டி அவருக்குத்தான் விழுந்தது. இரண்டாவதும் அவருக்கே. மூன்றாவதுக்குப் போகும்போது அவர் முகம் இளகியது. சோற்றைப் பிசைந்துகொண்டே, திங்கட்கிழமையிலிருந்து ஒரு சின்ன மாற்றம் என்று ஆரம்பித்தார்.

ரெனிஷ் மடிக்கணினியைத் திறந்தான். மோகனப்பிரியா கையை நீட்டி மூடியைச் சாத்திவிட்டு, அதன்மேல் ரசச் செம்பைத் தூக்கி வைத்தாள்.

“சொல்லுங்க சார்,” என்றாள். “கேட்டுக்கிறேன்.”